ராஜப்பன் நம்பர்

"ஓடிபி வந்துச்சாங்கக்கா?" என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அனுப்ரியா மூன்றாவது முறையாகக் கேட்டாள். ஓசூர் ஆர்டிஓ ஆபீசுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் எங்களுக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். என் வீட்டுக்காரர் சிங்கராயர் தன் போனைத் தடவிப் பார்த்தார். லோன் வேண்டுமா என்று எவனோ அனுப்பியிருந்தான், அவ்வளவுதான்.

அவருடைய ஹெவி லைசென்ஸ் முடிந்து நாளையோடு ஒரு வருடம். அதற்குள் புதுப்பிக்காவிட்டால் திரும்ப டெஸ்ட். இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய மனுஷன், தொடையில் ராடு வைத்த காலோடு, மகன் வயது இன்ஸ்பெக்டர் முன்னால் ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் வராவிட்டால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். கால் சரியாகி நான்கு மாதம் ஆகிறது. தினமும் சொன்னேன். தினமும் "நாளைக்குப் போலாம் மேரி" என்றார். கடைசியில் சிப்காட்டில் என் ஷிப்டுக்கு லீவு போட்டு, டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி, கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தால், ஓடிபி வரவில்லை.

"கடைசி ரெண்டு நம்பர் நாப்பத்தேழுன்னு காட்டுது. உங்களுதாங்கண்ணா?"

அவர் பிடரியைச் சொறிந்தார். அவர் அப்படிச் சொறிந்தால் வீட்டில் ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"அது ராஜப்பன் நம்பரு."

ராஜப்பன், கர்நாடகா எல்லையில் இருக்கிற அத்திப்பள்ளியில் லைசென்ஸ் ஏஜென்ட். அப்போதெல்லாம் பார்டர் தாண்டினால் ரோமிங். இந்தப் பக்கம் ஜூஜுவாடியில் ஒரு சிம்மைக் கழற்றி, அந்தப் பக்கம் போனதும் இன்னொன்றைப் போடுவார்கள். தங்கள் நம்பரில் எது உயிரோடு இருக்கும் என்று தங்களுக்கே தெரியாததால், ஷெட்டில் இருந்த அத்தனை டிரைவர்களும் லைசென்ஸுக்கு ராஜப்பன் நம்பரையே கொடுத்திருக்கிறார்கள். பெண்டாட்டி என்று ஒருத்தி மாறாத நம்பரோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன் போட்டுத் தொலைங்க."

ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"யாரப்பா, ஓடிபியா?"

"ஆமாங்கக்கா. அண்ணன் இல்லீங்களா?"

"அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு."

அவர் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் நான்கு நிமிடம்தான் என்று அனுப்ரியா விரலைக் காட்டினாள். முழங்கையால் இடித்தேன். கேளுங்க என்று கிசுகிசுத்தேன். டீக்கடையில் ஊர்க்கதை முழுக்கப் பேசுகிற வாய் அப்போது பார்த்து ஒட்டிக்கொண்டது.

"என்ன கம்முனு இருக்கற? இந்த மாசத்துல நீ பத்தொம்பதாவது ஆளு. சாவு சேதி ஒருத்தனுக்கும் தெரியல, நம்பரு மட்டும் எல்லாத்துக்கும் தெரியுது."

"தெரியாதுங்கக்கா. நெசமா தெரியாது."

"பக்கத்துல கிசுகிசுன்றது யாரு, பெண்டாட்டியா? அவகிட்ட குடு."

வாங்கினேன். ராஜப்பன் சம்சாரம், பெயர் கெம்பம்மா என்றாள், கன்னடம் கலந்த தமிழில். "சொல்ப இரும்மா, கண்ணாடி எடுத்தாறேன்." செருப்புச் சத்தம் போனது, குக்கர் ஒரு விசில் அடித்தது, செருப்புச் சத்தம் நிதானமாகத் திரும்பி வந்தது. ஒரு நிமிடம்தான் மிச்சம். அவள் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, நான் திருப்பிச் சொல்ல, அனுப்ரியா அடித்தாள். திரை அடுத்த பக்கத்துக்குப் போனது. பின்னால் நின்ற ஏழு பேரும் மூச்சு விட்டார்கள்.

"இனிமே உன் நம்பர போட்டுக்கம்மா. இவங்கள நம்பாத."

"சரிங்கக்கா. உங்களுக்கும் தொந்தரவுதான். அந்த சிம்ம ஆஃப் பண்ணிட்டா என்ன?"

"பண்ணலாம்." கண்ணாடியை மடக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "அண்ணன் இருக்காரான்னு கேக்கறது இந்தப் போன்ல மட்டுந்தாம்மா."

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

"புது நம்பர் சொல்லுங்கக்கா, மாத்திடறேன்" என்றாள் அனுப்ரியா.

"உன்னுதயே போடு மேரி" என்றார் அவர். திங்கட்கிழமை ஓசூர் தாண்டப் போகிறவர், ராடு வைத்த காலை ஒரு பக்கமாக நீட்டி, அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது, நாலு, எட்டு, ஏழு, ஒன்று என்று சொன்னேன். ஒருநாள் 'அண்ணன் இருக்காரா' என்று இந்த நம்பரிலும் யாரோ கேட்பார்கள் என்று தோன்றியது, நிறுத்திவிட்டேன்.

"மீதி அஞ்சுங்கக்கா?"

அனுப்ரியாவின் விரல்கள் கீபோர்டின் மேல் நின்றிருந்தன. என் கையிலிருந்த போனில், அத்திப்பள்ளி வீட்டில், குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.