லண்டன்காரரின் குடை

வர்க்கி சார் எங்கள் சைபர் ஸ்டேஷன் எஸ்.ஐ. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், "கிரிப்டோன்னு எவனாவது வந்தா ஓடிடுங்க பிள்ளைகளே" என்று வகுப்பெடுக்கிற மனுஷன். அந்த மகானுபாவர்தான் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார்.

"ப்ரசீதா, நானும் போட்டுட்டேன். என் பொண்டாட்டி அன்னம்மா குவைத்துல நர்ஸா நின்னு சேர்த்தது பூராவும். அவளுக்குத் தெரியாது."

"சார், உங்களுக்கு மூளை இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். ஒரு கான்ஸ்டபிள் எஸ்.ஐ.யிடம் கேட்கிற கேள்வியா அது! அவர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல மோளே" என்றார்.

ஏமாற்றிய ஆசாமியின் பெயர் எட்வின் ஹார்ட். லண்டன்காரராம். கோட்டும் டையுமாக ஒரு படம் போட்டு, காயின் வாங்கச் சொல்லி ஒரு வாட்ஸ்அப் குரூப் நடத்தினார். அதில் முக்கால்வாசி எங்கள் ஜில்லாக்காரர்கள். சுருட்டிய காயின் எல்லாம் ஒரே ஆன்லைன் பணப்பையில், அதாவது வாலட்டில், கிடந்தது. அதை உலகமே பார்க்கலாம், பாஸ்வேர்டு இல்லாமல் தொட மட்டும் முடியாது. நாங்களும் தினமும் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். அப்போதுதான் ஹார்ட் துரை, குரூப்பை மூடப்போவதாக அறிவித்தார். மூட்டை கட்டுகிறான் என்று அர்த்தம். காயின் அங்கிருந்து நாலாபக்கமும் சிதறிவிட்டால் அன்னம்மா சேச்சியின் நைட் டியூட்டி அத்தனையும் கோவிந்தா.

நான் 'குவைத் மேரி' என்ற பெயரில் அந்த குரூப்பில் ஒளிந்திருந்தேன். அதே போனில்தான் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான பூரத்தின் குரூப்பும். பூரம் முடிந்த வாரம் அது. யானை மேல் நின்று பட்டுக்குடைகளை மாற்றி மாற்றி விரிக்கிற போட்டியில் ஜெயித்தது ஊரின் இரண்டு பாதிகளில் கிழக்குத் தேசமா, மேற்குத் தேசமா என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து கிழக்கு. ஆத்திரத்தில் தட்டினேன்: "மேற்குக்காரங்க விரிச்சது குடையா? பிரியாணிக் கடைப் பந்தல் துணி!"

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். போனது ஹார்ட் துரையின் குரூப்புக்கு.

"எடீ பாவி! கெடுத்தியே!" என்று வர்க்கி சார் தலையில் அடித்துக்கொண்டார். நான் அழிக்கப் போவதற்குள் லண்டனிலிருந்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது.

"எவடி அவ? பந்தல் துணியா? சூரத் பட்டுடி அது! மூணாவது யானை மேல நின்னு அதை விரிச்சவன் நான்! உங்க கிழக்குல ஒருத்தனுக்காவது குடையை நேரா பிடிக்கத் தெரியுமா?"

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு நான் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன். மேற்கில் மூன்றாவது யானை மேல் நின்றது மொபைல் கடை சுபீஷ் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

குரல் பதிவு சட்டென்று மறைந்தது. உளறிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்துவிட்டது.

"இப்பவே காயினை நகர்த்திடுவான்! சண்டையை விடாதே, அவன் கை சும்மா இருக்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டே வர்க்கி சார் ஜீப்பில் ஏறினார்.

ஜீப் குலுங்கக் குலுங்கத் தட்டினேன். "மூணாவது யானையா? அது தூங்கிட்டுல்ல இருந்துச்சு!" பதில் பாய்ந்து வந்தது. மறுபடி குத்தினேன். மறுபடி பாய்ந்தான். ஏமாந்த ஜனங்களும் காயினை மறந்துவிட்டு, கிழக்கென்றும் மேற்கென்றும் குரூப்பில் குதித்தார்கள். புத்தியுள்ளவன் அதற்குள் எல்லாவற்றையும் நகர்த்தியிருப்பான். யானையைப் பழித்த பிறகு புத்தி ஏது!

சுபீஷ் தன் வீட்டு முற்றத்தில் நின்று இரண்டு கட்டைவிரலாலும் தட்டிக்கொண்டிருந்தான். "ஒரு நிமிஷம் சேட்டா, ஒருத்திக்குப் பதில் போட்டுக்கறேன்" என்றான், நிமிராமலே. வர்க்கி சார் போனைப் பிடுங்கினார்.

போன் திறந்திருந்தது. வாலட்டும் திறந்தது. அனுப்பப் பாஸ்வேர்டு கேட்டது. அவன் வாயைத் திறக்கவில்லை. மிரட்டினோம், கெஞ்சினோம். கடைசியில் என் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"மேரி நீங்கதானா?"

"ஆமாடா."

"பந்தல் துணின்னதை வாபஸ் வாங்குங்க சேச்சி. சொந்தப் பேர்ல, குரூப்லயே. பாஸ்வேர்டு தர்றேன்."

"டேய், ஜெயிலுக்குப் போகப்போறவனுக்கு இதுதான் முக்கியமா?"

"திரும்பி வந்து மேற்குத் தேசத்துலதானே இருக்கணும்?"

"முடியாது" என்றேன். என் அப்பா கிழக்குத் தேசத்துக் கமிட்டித் தலைவர். வர்க்கி சார் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். 'போடு' என்று உத்தரவு போட்டுத் தொலைத்திருந்தால் அவரோடாவது சண்டை போட்டிருப்பேன்.

தட்டினேன்: "நான் ப்ரசீதா, கிழக்குத் தேசம். இந்த வருஷம் மேற்குத் தேசத்துக் குடைதான் ஜோர்."

சுபீஷ் எட்டிப் பார்த்தான். "'எந்த வருஷமும்'னு போடுங்க."

அதையும் போட்டேன்.

அவன் பாஸ்வேர்டைச் சொன்னான். காயின் மொத்தமும் அரசாங்க வாலட்டுக்கு வந்து சேர்ந்தது. வர்க்கி சார் வீட்டுக்குப் போன் போட்டார். "அன்னம்மே... ஒரு விஷயம்..." நான் போனைப் பிடுங்கினேன்.

"சேச்சி, உங்க காசையெல்லாம் சார் தொலைச்சுட்டார். இப்பத்தான் மீட்டோம். நல்லாத் திட்டுங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

சேச்சி தொடங்கினார். வர்க்கி சார் குழந்தை மாதிரி அழுதுகொண்டே, "திட்டுடீ, இன்னும் திட்டு" என்றார்.

நான் போட்டதை அதற்குள் யாரோ பூரம் குரூப்புக்கும் அனுப்பிவிட்டார்கள். என் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா. நான் எடுக்கவில்லை.