சேர்மன் திருத்திய ஒரே வரி

மருந்துகளைக் குளிரில் வைத்துக் காக்கும் கிடங்கு அவருடையது. பெயர்ப்பலகையில் 'சேர்மன்' என்று தானே எழுதிக்கொண்டார். அங்கு வேலை பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை அடக்கிப் பழகிவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஒப்பந்தத்தைப் பிடிக்க அவர் அடித்த தம்பட்டமெல்லாம் மச்சினி எழுதிக் கொடுத்த கணினிப் பதிவு முறையைப் பற்றித்தான். குளிரறைக் கதவை யார் தன் அட்டையைக் காட்டித் திறந்தாலும் பதிவில் ஒரு வரி தானாக விழும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் முத்திரையைச் சுமந்து நிற்கும். தலைமை அலுவலகத்தில் மட்டுமல்ல, நான்கு கிளைகளின் கணினிகளிலும் நகல் இருக்கும். ஒரு வரியில் கைவைத்தால் அதன்பின் வரும் முத்திரை எதுவும் பொருந்தாது.

"நானே நெனச்சாலும் மாத்த முடியாது!" என்று மேடைக்கு மேடை முழங்கினார். கைவைத்தவன் பெயர் வரவேற்பறைத் திரையில் கொட்டை எழுத்தில் வரவேண்டும் என்பதும் அவருடைய யோசனைதான்.

ஆஸ்பத்திரி இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட வரும் நாள். காலையிலேயே சேர்மன் குளிரறைக்குள் நின்று படம் பிடித்துக்கொண்டார். படத்தில் மூக்கு சிவந்திருந்தது. பவுடர் பூச வெளியே ஓடியவர் கதவைச் சாத்த மறந்துவிட்டார். வாசலோர அடுக்கிலிருந்த மருந்து முழுக்க வீண். மச்சினியைப் பிடித்தார்.

"ஒரே ஒரு வரிம்மா. அழிச்சிடேன்."

"உங்களாலயே முடியாதுன்னீங்களே, அத்தான்?"

"அது ஊருக்குச் சொன்னது!"

"அக்காவைக் கூப்பிடவா?"

"அவளை எதுக்கு இழுக்கற?"

மச்சினி டீ குடிக்கப் போய்விட்டாள். சேர்மன் தன் கணினியில் தானே உட்கார்ந்தார். 'கதவைத் திறந்தவர்: சேர்மன்' என்றிருந்ததை 'கதவைத் திறந்தது: காற்று' என்று மாற்றிவிட்டு நிம்மதியாகச் சாய்ந்தார்.

உடனே போன் அலறியது. கிளை மேலாளர்.

"சார், காத்து உங்க கம்ப்யூட்டர்ல மட்டும்தான் அடிக்குது. எங்க நாலு பேர்கிட்டயும் நீங்கதான் திறந்திருக்கீங்க."

வரவேற்பறைக்கு ஓடினார். இயக்குநர் அம்மா திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். 'பதிவில் கைவைத்தவர்: சேர்மன்.' அதன் கீழே, குளிரறைக் கதவு எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது என்ற கணக்கு.

"அது... சும்மா ஒரு சோதனைம்மா."

"அப்படியா? சோதனை பாஸ். முதலாளியையே விடாத சிஸ்டத்தைத்தான் தேடிக்கிட்டிருந்தேன். கெட்டுப்போன மருந்தை என் கண்ணு முன்னாடி அழிச்சிடுங்க, கையெழுத்துப் போடறேன். இன்னொண்ணு, உங்க அட்டைக்கு இனிமே அந்தக் கதவு திறக்கக் கூடாது."

ஒப்பந்தம் கைக்கு வந்தது. அடுத்த மேடையிலும் சேர்மன் மார்தட்டத் தவறவில்லை.

"எங்க குளிரறைக்குள்ள நானே நெனச்சாலும் போக முடியாது!"