படகுக்கு வாங்கிய பெயிண்ட்

பவுனம்மாள் அத்தை செத்த ஆறாம் நாள், அவள் புருஷன் மாணிக்கம் மாமா தன் பழைய அம்பாசடரை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு கோட்டைக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார்.

"கீர் பாக்ஸ கயட்டு ஆதி. எனக்கு ஒண்ணு தெரிஞ்சாவணும். தப்பு வண்டி மேலயா, என் கால் மேலயா?"

நெஞ்சுவலியில் துடித்தவளைப் பின்சீட்டில் படுக்கவைத்துப் பொன்னேரிக்கு ஓட்டிப் போயிருக்கிறார். வழியில் மாடுகள் குறுக்கே வர, வண்டியை நிறுத்தினார். அதற்குப் பிறகு எத்தனை மிதி மிதித்தும் கீர் விழவே இல்லை. ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பதட்டத்தில் கிளட்சைச் சரியாக மிதிக்கவில்லை என்று மனுஷன் ஊரெல்லாம் சொல்லி அழுதார். நானும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான். போன மாதம் அந்த வண்டிக்கு கிளட்ச் மாற்றியவன் நான் அல்லவா?

கீர் பாக்ஸை இறக்கினேன். கிளட்ச் தட்டு ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. இன்ஜினோடு சுற்றும் பிளைவீலில், மயிரிழைச் சாய்வையும் முள்ளில் காட்டும் டயல் கேஜைப் பூட்டி, அதன் முனை கீர் பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் பெல் ஹவுசிங்கின் பின்முகத்தைத் தொட்டபடி வட்டமாகச் சுற்றி வரும்படி வைத்தேன். இன்ஜினும் கீர் பாக்ஸும் ஒரே நேராக இருந்தால் முள் ஐந்து கோட்டுக்குள் ஆடும். கிராங்கை மெதுவாகத் திருப்பினேன். இருபத்திரண்டில் போய் நின்றது, பாழாய்ப் போன முள்.

"இன்னா காட்டுது?"

"இருங்க மாமா."

ஹவுசிங்கைக் கழற்றினேன். இன்ஜினோடு ஒட்டும் முகத்தில் நீலப் பெயிண்ட், அடிப்பக்கம் வழிந்து தடித்துக் காய்ந்திருந்தது. உப்புக்காற்றில் நாங்கள் எந்த இரும்பையும் வெறுமனே பூட்ட மாட்டோம். படகு இன்ஜின் என்றால் முதலில் பெயிண்ட், பிறகுதான் போல்ட்டு. ஆனால் கார் ஹவுசிங்கின் முகம் வெறுமையாகத்தான் உட்கார வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், தங்கள் படகுக்கு வாங்கி மிஞ்சிய பெயிண்ட் டப்பாவோடு வந்து, "நல்லா பூசுடா, துரு ஏறிடப் போவுது" என்று அத்தை பக்கத்தில் நின்றதும், சிரித்துக்கொண்டே பூசித் தொலைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சுரண்டித் துடைத்து மறுபடி பூட்டினேன். முள் மூன்று கோட்டில் நின்றது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு பொய் சொல்லி அனுப்பிவிடலாம். ஐயோ, எவ்வளவு சுலபம்.

"உங்க கால் மேல தப்பில்ல மாமா. நான் பூசுன பெயிண்டு. ஹவுசிங்கு சாஞ்சிடுச்சி. அதான் கீர் விழல."

அவர் குனிந்து, தரையில் கிடந்த நீலத் துகளைக் கிள்ளி எடுத்தார்.

"இது நம்ம போட்டு பெயிண்டாச்சே. அவளா குடுத்தா?"

"இல்ல மாமா. நான்தான் கேட்டு வாங்குனேன்."

அன்று நான் சொன்ன ஒரே பொய் அது.

மாமா இடது முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

"ஆறு நாளா இந்தக் கால வெட்டிப் போட்றலாமானு இருந்தேன்டா, பாவி."

சாயங்காலத்துக்குள் புதுத் தட்டு போட்டுப் பூட்டிக் கொடுத்தேன். அவர் ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தார். கீர் சத்தமே இல்லாமல் விழுந்தது. ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"பதினாறாம் நாளுக்கு நீ வராத ஆதி."