முதலில் யார் எழுவது

மாமனார் ஏலக்கடையில் ஏலம் கூறியே காலத்தை ஓட்டியவர். கடைசி வரிசையில் கொட்டாவி விடுகிறவனையும் கை தூக்க வைக்கிற குரல். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு அது போய்விட்டது. இப்போது சின்ன லேப்டாப் ஒன்றில் அவர் தட்டச்சு செய்தால், அது பேசும்.

அன்று குடியிருப்போர் கூட்டத்திலிருந்து திரும்பியவர் யார் முகத்தையும் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"என்னாச்சு அத்தை?" என்று கேட்டாள் மருமகள்.

மாமியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "கீழே இருக்கிற கல் பெஞ்சை எடுத்துட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணப் போறாங்களாம். வேண்டாம்னு சொல்ல எழுந்தார். மெஷினைத் திறந்து அடிச்சா எழுத்து வருது, சத்தம் வரல. பக்கத்து வீட்டுக்காரர் பாவம், நல்ல எண்ணத்துலதான் வாங்கிப் படிச்சார். மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி படிச்சார். நடுவுல இருந்த கிண்டலை வேற முழுங்கிட்டார். இவருக்கு முகமே செத்துப் போச்சு."

"முடிவு பண்ணிட்டாங்களா?"

"அடுத்த கூட்டத்துல பேசிக்கலாம்னு விட்டுட்டாங்க."

மருமகளுக்குச் சுருக்கென்றது. அவள் வேலையே கெர்னலில்தான்: கணினியின் ஒவ்வொரு உறுப்பையும் தூங்க வைத்து, எழுப்பி, வேலை வாங்குகிற அடித்தள நிரல். அலுவலகத்தில் அவள் பார்ப்பது தகவலைச் சேமிக்கும் வட்டுகளை. ஒலி அவள் பக்கம் வந்ததில்லை. இருந்தாலும் கோளாறு தன் தெருவில் நடந்ததுபோல் இருந்தது. கதவைத் தட்டினாள்.

"மாமா, அதைக் கொஞ்சம் குடுங்க. பார்த்துடலாம்."

சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் மூடித் திறப்பாள். அவர் ஏதாவது அடிப்பார். ஒவ்வொரு முறையும் அது கணீரென்று பேசியது. "கூட்டத்துல மட்டும் வாயடைச்சுப் போகும்போல" என்று அதன் வழியாகவே சலித்துக்கொண்டார். அடுத்த முறை திறந்தபோது சத்தமில்லை. அவள் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினாள். அவர் அவளை விசித்திரமாகப் பார்த்தார்.

"கெட்டுப் போனாத்தானே மாமா கண்டுபிடிக்க முடியும்!"

விஷயம் பிடிபட்டது. ஒலி சிப்புக்கு மின்சாரம் தருவது இன்னொரு குட்டிச் சிப். மூடினால் லேப்டாப் தூங்கிவிடும்; திறந்ததும் அது தூக்கத்திலிருந்து மீளும்போது, நேரம் மிச்சமாகட்டும் என்று கெர்னல் பல உறுப்புகளை ஒரே சமயத்தில் எழுப்பும். மின்சாரச் சிப் முந்திக்கொண்டால் குரல் வரும். ஒலி சிப்பை முதலில் கூப்பிட்டால், மின்சாரமே இல்லாத அது எப்படிப் பதில் சொல்லும்? கெர்னல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கைகழுவிவிடும்.

ஒலி சிப்பை எழுப்பும் முன் சற்றுக் காத்திருக்கும்படி ஒரு வரி சேர்த்தாள். எத்தனை முறை மூடித் திறந்தாலும் பேசியது. அந்தத் திருத்தம் எல்லோர் கணினிக்கும் போய்ச் சேரட்டும் என்று, கெர்னலின் ஒலிப் பகுதியைப் பராமரிக்கிறவருக்கு அனுப்பினாள். முகம் பார்த்திராத மனிதர். மறுநாளே பதில் வந்தது: 'காத்திருப்பது தீர்வல்ல. எவ்வளவு காத்திருந்தால் போதும் என்று யாருக்குத் தெரியும்? யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பதைக் கெர்னலுக்குச் சொல்லுங்கள்.'

அவளுக்கு எரிச்சல் வந்தது. மாமனாருக்குப் படித்துக் காட்டினாள்.

"எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தா அவருக்குக் கௌரவக் குறைச்சலா?" என்றது லேப்டாப்.

சிரித்துவிட்டாள். ஆனால் யோசிக்க யோசிக்கப் பராமரிப்பாளர் சொன்னது சரியென்றே பட்டது. வேறொருவர் கணினியில் மின்சாரம் இன்னும் தாமதமாக வரலாம். அவள் வைத்த இடைவெளி அங்கே பத்தாது. அந்த வரியை அழித்தாள். ஒலி சிப் மின்சாரச் சிப்பைச் சார்ந்தது என்று உறவைப் பதிந்தாள். இனித் தூங்கும்போது ஒலி முதலில், மின்சாரம் பிறகு, எழும்போது தலைகீழ். நேரத்தைக் கணக்கிடும் வேலையே இல்லை. பராமரிப்பாளர் இம்முறை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த கூட்டத்துக்கு மருமகளும் போனாள். மாமனார் எழுந்து, லேப்டாப்பைத் திறந்தார்.

"பெஞ்சுக்கு வயசாயிடுச்சுங்கறீங்க," என்றது அது. "எனக்கும்தான் ஆயிடுச்சு. என்னையும் எடுத்துட்டா இன்னொரு வண்டி நிறுத்தலாம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செயலாளர் விட்டுக்கொடுக்கவில்லை, பேச்சு நீண்டது. மாமனார் எதிர்க்கேள்வி கேட்டார், மடக்கினார், நடுவில் ஒருவர் குறுக்கிட்டபோது பொறுமையாகக் கை காட்டி நிறுத்தினார். கடைசியில் பெஞ்சைப் பின்சுவர் ஓரமாக நகர்த்துவது என்று முடிவானது. அவர் கேட்டது பாதிதான் கிடைத்தது. ஆனாலும் படியேறும்போது விசிலடிக்கிறவர்போல் உதட்டைக் குவித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மருமகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இந்தக் குரலைக் கொஞ்சம் வேகமாப் பேச வைக்க முடியுமாம்மா?" என்றது லேப்டாப். "இவன் ரொம்ப மரியாதையாப் பேசறான். எதிராளி யோசிக்க நேரம் கிடைச்சிடுது."