பாக்கி ஜன்னல்

தபால்காரர் ஓய்வுபெற்றுக் கட்டிய வீட்டின் ஜன்னல்களை மூடினால் தெரு தெரியாது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போனால் வருகிற ஊரில் உள்ள கண்ணாடிக் கடையின் உட்புறம் தெரியும். திறந்து வைத்தால் வழக்கம்போலத் தெரு, தூசி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டர். மூடினால் கடை. சுவரில் சாய்த்து அடுக்கிய கண்ணாடிகள், அறுக்கும் மேஜை, அதன் பின்னால் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரி. குடிவந்த அன்றே தபால்காரரின் மனைவி கவனித்துவிட்டாள். சாமான் இறக்குகிற அவசரத்தில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் சொன்னபோது, நன்றாகத் துடைத்துப் பார் என்றார் கணவர். துடைத்ததில் கடை இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் தெரிய அதிக நாள் ஆகவில்லை. அந்தக் கண்ணாடிகளுக்குக் காண்ட்ராக்டர் கடைக்குப் பணம் கொடுக்கவில்லை. தபால்காரர் அவரிடம் கொடுத்துவிட்டார், பைசா பாக்கியில்லாமல். அவர் அதை வாங்கி முந்தைய வீட்டின் கம்பிக் கடனை அடைத்தார். முந்தைய வீட்டுக்காரர் கொடுத்தது அதற்கும் முந்தைய வீட்டின் செங்கல்லுக்குப் போயிருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. தொழிலுக்கு வந்த நாள் முதல் ஒரு வீடு பின்தங்கியே ஓடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். உள்ளூர்க் கடைகளில் அவருக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். பாக்கி கேட்டால் அந்த ஒரு வார்த்தைதான் வரும். இங்கே யாரும் கடனுக்குக் கொடுக்காததால்தான் முகம் தெரியாத ஊரில் போய்க் கண்ணாடி வாங்கினார்.

கடைக்காரியின் பக்கத்திலும் இதே கதைதான். மேஜைக்கு எதிரே விற்காமல் நின்ற பெரிய கண்ணாடியில் தபால்காரர் வீடு தெரிந்தது. துண்டோடு நடக்க முடியவில்லை என்று தபால்காரர் புலம்பினார். அவள் ஷட்டரை இறக்கினால் வீடு இருண்டது. தூசிக்குப் பயந்து ஜன்னல்களை மூடியே வைத்திருந்ததால், கடைக்கு வார விடுமுறை என்றால் இவர்களுக்குப் பகலிலும் விளக்கு. கரண்ட் பில் எகிறியது. சத்தம் மட்டும் இரண்டு பக்கமும் போகாது. தபால்காரருக்கும் மனைவிக்கும் அது பெரிய குறை. அவர்களுடைய மகளுக்குக் குறையே இல்லை, அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

மகளுக்கு முப்பது வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து துணி தைத்துக் கொடுப்பாள். பள்ளிக்கூடத்தில் கற்ற சைகை மொழியை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு ‘வா’, ‘சாப்பிடு’, ‘போதும்’ தெரியும். அம்மாவுக்கு நிறையத் தெரியும், ஆனால் அம்மாவின் கைகள் எப்போதும் ஏதாவது வேலையில் இருந்தன. கடைக்காரியோ புருஷன் போனபிறகு அளவைத் தவிர வேறு பேச்சே கேட்காதவள். வருகிறவர்கள் நீளம் சொல்வார்கள், அகலம் சொல்வார்கள், போய்விடுவார்கள். ஒருநாள் மகள் ஜன்னலைத் தட்டிக் காட்டி, ‘கண்ணாடி’ என்று கையால் சொன்னாள். கடைக்காரி அப்படியே திருப்பிச் சொன்னாள். அந்த வருடம் முடிவதற்குள் இருவரும் கடைக்காரியின் வெளியூர் மருமகள்களைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும் அவரவர் கனவுகளைப் பற்றியும் பேசத் தொடங்கியிருந்தார்கள். மகள் சிரிப்பதைத் தபால்காரர் அப்போதுதான் அதிகமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆனால் அதற்கு முன்பே கடைக்காரி, காண்ட்ராக்டர்களுக்கு உரிமம் தரும் வாரியத்துக்குப் புகார் எழுதிப் போட்டிருந்தாள். வாரியம் வாரியத்துக்கு உரிய வேகத்தில் அசைந்தது. விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார், ஜன்னலை மூடினார், கடையைப் பார்த்தார், சரக்கு இங்கேதான் வந்திருக்கிறது என்று குறித்துக்கொண்டார். கடைக்காரி பில்லைத் தூக்கிக் காட்டினாள். எழுத்து தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவரச் சைகை காட்டினார். விசாரணையில் காண்ட்ராக்டர் எதையும் மறுக்கவில்லை.

“குடுக்கலைங்க. குடுக்கணும்னுதான் இருந்தேன்.”

“எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க” என்றார் அதிகாரி. அன்றைக்கு அது அவருக்கு ஒன்பதாவது வழக்கு.

பாக்கி தீர்ந்தது என்று கடைக்காரி கையெழுத்துப் போட்டுத் தரும் வரை காண்ட்ராக்டரின் உரிமம் நிறுத்தப்பட்டது. உரிமம் இல்லாதவர் வீடு எடுத்துக் கட்ட முடியாது. எனவே நேற்று வரை தன் கீழ் வேலை பார்த்த கொத்தனாரிடம் அவர் கலவை சுமக்கப் போனார். கூலியில் மிச்சம் பிடித்துத் தவணை தவணையாகக் கடைக்கு அனுப்பினார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு ஜன்னல் தெளிந்தது. முதலில் கூடம், ஒரு மதியம் கடை மங்கி, அந்த இடத்தில் பக்கத்து வீட்டு ஸ்கூட்டர் வந்து நின்றது. அப்புறம் படுக்கையறை. மகள் தையல் மெஷினை ஒரு ஜன்னலிலிருந்து அடுத்ததற்கு இழுத்துக்கொண்டே போனாள். வருடங்கள் இப்படியே கழிந்து, கடைசியில் சமையலறை ஜன்னல் மட்டும் மிஞ்சியது. அடுப்புச் சூட்டில் வியர்வை வழிய அங்கே உட்கார்ந்து தைத்தாள்.

கடைசித் தவணையைக் காண்ட்ராக்டர் அனுப்பினார். அது திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. போன் செய்தபோது, அவசரமில்லை, நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றாள் கடைக்காரி. தன் வார்த்தையைப் பிறர் வாயில் கேட்பது அவருக்கு அதுவே முதல் தடவை. வாரியத்தில் முறையிட்டார். பணம் கொடுக்காதவர்களைத் தண்டிக்க விதி இருக்கிறது, வாங்காதவர்களைத் தண்டிக்க இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் காண்ட்ராக்டர் தபால்காரர் வீட்டுக்கே வந்தார். சமையலறைத் தரையில் உட்காரக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்துத்தான் பேசினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அதைக் கையால் மகளுக்குச் சொன்னாள்.

“இடுப்பு போச்சும்மா. இனிமே கலவை தூக்க முடியாது. லைசென்ஸ் வந்தா நின்னு வேலை வாங்கிப் பொழச்சுக்குவேன். செஞ்சது தப்புதான். அவங்கள வாங்கிக்கச் சொல்லு.”

மகளுக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவருக்கு உரிமம் திரும்ப வேண்டும், அதற்குத் தன் ஒரே பேச்சுத்துணை போக வேண்டும் என்றால் இது என்ன நியாயம் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். ஒரு வாரம் மகள் ஜன்னல் பக்கமே போகவில்லை. கடைக்காரி மறுபக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் காத்திருந்தாள். அந்த வாரத்தில் காண்ட்ராக்டர் சாரத்தில் ஏற முடியாமல் பாதியில் நின்றுவிட்டதாகவும், இரண்டு பேர் சேர்ந்து இறக்கியதாகவும் தபால்காரர் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அதை அவர் கையால் சொல்ல முயன்றார். பாதிதான் புரிந்தது, பாதியே போதுமானதாக இருந்தது. மகள் ஜன்னலுக்குப் போய், ‘வாங்கிக்கோ’ என்றாள். கடைக்காரி தலையை ஆட்டி மறுத்தாள். மகள் திரும்பச் சொன்னாள். இருவரும் அழுதார்கள். தவணை போன நாளில் சமையலறை ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர் வந்தது. வெயில் பட்டு வெளுத்த வெறும் சுவர்.

உரிமம் திரும்பி வந்தது. மகள் சில மாதம் யாரிடமும் கை அசைக்கவில்லை. தைப்பதும் தூங்குவதுமாக இருந்தாள். பிறகு ஒருநாள் ரயில் சலுகைக்கான அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனியாக ரயில் ஏறினாள். கடையில் நேருக்கு நேர் பார்த்தபோது இருவருக்கும் கூச்சமாக இருந்தது. கடைக்காரி அவள் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். ஒரு சின்ன ஜன்னலுக்கான அளவைக் காட்டி மகள் கண்ணாடி கேட்டாள். கடைக்காரி அறுத்து, சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். இவள் பணம் கொடுக்கவில்லை. அவள் கேட்கவில்லை. வியாபாரம் முடிந்தது.

ஆயுளில் கடன் வாங்காத தபால்காரருக்கு இது உறுத்தியது. யாருக்கும் தெரியாமல் பணத்தை அனுப்பிவிடட்டுமா என்று மனைவியிடம் கேட்டார். “சும்மா இருங்க” என்றாள் அவள்.

கண்ணாடியைப் பொருத்தக் காண்ட்ராக்டரே வந்தார், கூலி வேண்டாம் என்று. பழையதைக் கழற்றி ஓரமாக வைத்தார். புதியதைச் சட்டத்தில் நிறுத்தி, சுத்தியலை எடுத்தவர், ஒரு சந்தேகம் வந்து நிறுத்தினார்.

“காசு குடுத்துடலையே?”

அம்மா கையால் கேட்டாள். மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

“அப்ப சரி” என்று கடைசி ஆணியை அடித்தார். மறுபக்கத்தில் கடைக்காரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆணி கொஞ்சம் கோணல் என்று கையால் சொன்னாள்.