சோதனை மாணவர்

திங்கட்கிழமை இரண்டாவது பீரியடில்தான் அதைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை பள்ளி நூலகத்தில் புத்தகக் கணக்கெடுப்பு. அதற்காக, வெளியே போயிருக்கும் புத்தகங்களின் பட்டியலைக் கணினியில் எடுத்து வகுப்புவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். எல்லா வகுப்பும் முடிந்த பிறகு, எதிலும் சேராமல் கடைசியில் ஒரு பெயர் தனியாக நின்றது. 'சோதனை மாணவர்'. அட்டை எண் ஆறு பூஜ்யம். கையில் வைத்திருக்கும் புத்தகங்கள் பதினொன்று.

அப்படி ஒரு மாணவர் எங்கள் பள்ளியில் கிடையாது. அவர் பெயரில் போன பதினொன்றும் காணாமல் போன கணக்குதான். அவருக்குப் பெயர் வைத்தவளே நான்தான். மூன்று மாதத்துக்கு முன்பு, மாணவர்கள் தாங்களே புத்தகத்தைப் பதிவுசெய்து எடுத்துப்போகும் இயந்திரம் ஒன்று நூலகத்துக்கு வந்தது. திரையில் அட்டை எண்ணை அடித்து, புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் கோடுகளை வெளிச்சத்தில் காட்டினால் 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பொய் அட்டை போட்டேன். பார்த்து முடித்ததும் அதை அழித்திருக்க வேண்டும். அன்றைக்கு என்னவோ அவசரம், மறந்து தொலைத்தேன். மற்றவர்களுக்கு ஒரு தடவைக்கு இரண்டு புத்தகம்தான். சோதனை மாணவருக்கு வரம்பே கிடையாது.

அந்த இயந்திரத்துக்காகத் தலைமையாசிரியையிடம் ஆறு மாதம் மல்லுக்கட்டியிருக்கிறேன். "பிள்ளைங்க கையில விட்டா பாதிப் புத்தகம் காணாமப் போயிடும்" என்பது அவர் கட்சி. "ஒண்ணுகூடப் போகாது மேடம், நான் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "ஒண்ணு குறைஞ்சாலும் மெஷினைத் தூக்கிடுவேன். பழையபடி நீங்களே நோட்டுல எழுதிக் குடுங்க" என்றார். சொன்னதைச் செய்கிறவர் அவர். ஆனால் இயந்திரம் வந்த பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். என் மேசைக்கு முன்னால் வந்து நின்று புத்தகத்தை நீட்டக் கூச்சப்பட்டவர்கள் எல்லாம் எடுக்க ஆரம்பித்தார்கள். பத்தாம் வகுப்பில் மீசை முளைத்த ஒருவன் முயல் கதை எடுத்துப்போகிறான். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறான் போல. இருக்கட்டுமே, யாருக்குத் தெரிய வேண்டும்? வளரும் வயதில் உடம்பில் வரும் மாற்றங்களைப் பற்றிய புத்தகம் நான்கு வருடமாக அலமாரியில் தூங்கியது. இப்போது அது அலமாரிக்கு வருவதே இல்லை. பிள்ளைகள் படிக்காமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் என் மூக்குக்கண்ணாடிதான் என்பது எனக்கே விளங்கிவிட்டது. அந்த இயந்திரம் போனால் இவர்களும் போய்விடுவார்கள்.

பதிவு நேரங்களைப் பார்த்தேன். பதினொன்றும் மாலை நாலு மணிக்கு மேல். பள்ளி விட்டபிறகு நான் உள்ளறையில் பழைய பத்திரிகைகளைக் கட்டிக்கொண்டிருக்கும் நேரம். அப்போது இங்கே இருக்கக்கூடியவர்கள் யார்? பெருக்க வரும் அம்மா, செய்தித்தாளைத் திருப்பித் தர வரும் கணக்கு வாத்தியார், தாமதமாக வரும் வேனுக்குக் காத்திருக்கும் இரண்டு மூன்று பேர். எல்லாரையும் மனதுக்குள் ஒருமுறை திருடனாக்கிப் பார்த்தேன். பெருக்குகிற அம்மாவைக்கூட விடவில்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

என் மகளை மட்டும் நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எட்டாம் வகுப்பு. இதே பள்ளிதான். நான் கிளம்பும்வரை ஜன்னலோர பெஞ்சில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, உலகமே தனக்குப் பாக்கி என்கிற முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். "எனக்குப் புத்தகம்னாலே அலர்ஜிம்மா" என்று சொல்லி மூன்று வருடமாகிறது. "மேடம், உங்க பொண்ணும் தினம் நூலகத்துக்கு வர்றா, வைஃபைக்காக" என்று கணக்கு வாத்தியார் கிண்டலடிப்பார். நானும் சிரித்துவைப்பேன். ஊரார் பிள்ளைகளைத் துரத்தித் துரத்திப் படிக்கவைக்கிற எனக்கு, பெற்ற பிள்ளையைப் படிக்கவைக்கத் துப்பில்லையே என்பது உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை, "உள்ள வேலை இருக்கு, அரை மணி நேரம் ஆகும்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, உள்ளறையின் பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து நிலப்பட அலமாரிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிறவள் குந்துகிற இடமா அது? முழங்கால் இரண்டும் மரத்துப்போயின. கணக்கு வாத்தியார் வந்தார், செய்தித்தாளை வைத்தார், போனார். பெருக்கும் அம்மா பெருக்கிவிட்டுப் போனார். யாரும் இல்லை. சரி, இன்றைக்கு அவ்வளவுதான் என்று நான் நினைத்தபோது, ஜன்னலோர பெஞ்சில் என் மகள் காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

எழுந்தாள். உள்ளறைக் கதவை ஒரு பார்வை பார்த்தாள். கதைப் புத்தகங்கள் இருக்கும் மூன்றாவது அலமாரியில், தேடாமல், நேராகப் போய் ஒரு தடித்த புத்தகத்தை உருவினாள். இயந்திரத்தின் முன் நின்று ஆறு முறை ஒரே இடத்தில் தட்டினாள். பிறகு இடது உள்ளங்கையால் இயந்திரத்தின் பக்கவாட்டில் சத்தம் வரும் துளைகளை அழுத்தி மூடிக்கொண்டு, வலது கையால் புத்தகத்தைக் காட்டினாள். பீப் சத்தம் வெளியே வரவே இல்லை. எவ்வளவு பழகிய கை! இயந்திரம் வந்த அன்று, "சின்னப் பிள்ளைங்களுக்குப் புரியுதான்னு நீ அடிச்சுப் பாரு" என்று அந்த எண்ணை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். புத்தகத்தைக் கணக்கு நோட்டுகளுக்கு நடுவில் செருகி, பையை மூடி, மறுபடி ஒயரை மாட்டிக்கொண்டு அதே முகத்தோடு உட்கார்ந்தாள்.

போன உயிர் திரும்பி வந்தது. திருட்டு இல்லை. யார் வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டாம். அதைவிட, அதைவிட, என் பெண் படிக்கிறாள்! எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நல்லவேளை, முழங்கால் எழ விடவில்லை. எழுந்திருந்தால் எல்லாவற்றையும் கெடுத்திருப்பேன். ஏற்கெனவே ஒருமுறை கெடுத்தவள்தானே நான். ஐந்தாம் வகுப்பில் அவளாக ஒரு புத்தகத்தை முழுதாகப் படித்து முடித்தாள். நான் சும்மா இருந்தேனா? மதிப்புரை எழுதவைத்தேன், பெயர் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், காலைக் கூட்டத்தில் படிக்கச் சொன்னேன், சித்திக்கும் பெரியம்மாவுக்கும் போன் போட்டுத் தம்பட்டம் அடித்தேன். அலர்ஜி வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்னொன்றும் அங்கே குந்தியிருந்தபோதுதான் உறைத்தது. ஏன் ஒன்றையும் திருப்பவில்லை? எடுக்கிற இயந்திரத்தை யாரும் பார்க்காத மூலையில் வைத்துவிட்டு, திருப்புகிற பெட்டியை என் மேசைக்குப் பக்கத்தில், என் முழங்கை இடிக்கிற இடத்தில் வைத்திருக்கிறேன். பெரிய புத்திசாலிதான் நான்.

வீட்டில் என் கணவரிடம் கிசுகிசுத்தேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"அவ குளியலறையில முக்கால் மணி நேரம் என்ன பண்றான்னு நினைச்ச? உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

"பதினொண்ணு இருந்துது, இன்னிக்கு எடுத்ததோட பன்னெண்டு. வெள்ளிக்கிழமை எல்லாம் வந்தாகணும்."

"கட்டிலுக்கு அடியில இருக்கு. நான் எடுத்துத் தரட்டுமா?"

"ஐயோ, தொட்டுடாதீங்க" என்றேன். "நமக்குத் தெரியும்னு தெரிஞ்சா அத்தோட முடிஞ்சுது. மறுபடி தொட மாட்டா."

புதன்கிழமை காலை, பெருக்கும் அம்மாவும் நானுமாகத் திருப்பும் பெட்டியை இழுத்து வெளியே வராந்தாவில், தூணுக்கு அந்தப் பக்கம் வைத்தோம். பிறகு கணினியில் உட்கார்ந்தேன். யாராவது அட்டை எண்ணை அடித்தால் அவர்களுக்கு மட்டும் திரையில் ஒரு குறிப்பு வரும்படி செய்யலாம். இவ்வளவு நாள் 'தவணை முடிந்துவிட்டது' என்று மிரட்டத்தான் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். சோதனை மாணவருக்கு எழுதினேன்: 'வெள்ளிக்கிழமை கணக்கெடுப்பு. எல்லாப் புத்தகங்களையும் காலை எட்டரைக்குள் வராந்தாப் பெட்டியில் போட்டுவிடவும். பிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். யார் என்று கேட்கமாட்டோம்.' அதற்குக் கீழே 'எது ரொம்பப் பிடித்தது?' என்று கை தானாக அடித்துவிட்டது. அதை அழித்தேன். மறுபடி அடித்தேன். மறுபடி அழித்தேன். கை அரிப்பு லேசில் போகிற அரிப்பா?

வியாழக்கிழமை மாலை உள்ளறைக் கதவிடுக்கில் நின்றேன். அவள் எண்ணை அடித்தாள். திரையைப் பார்த்தாள். உடம்பு அப்படியே நின்றுபோயிற்று. நாலு வரிக் குறிப்பைப் படிக்க அவ்வளவு நேரம் எதற்கு? எடுக்க வந்த புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு பெஞ்சுக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு நடந்தோம். பாதி வழியில், "அம்மா, அந்தப் பெட்டியை ஏன் வெளிய வச்சீங்க?" என்று கேட்டாள்.

"உள்ள இடம் பத்தலை" என்றேன். என் குரல் எனக்கே ஒழுங்காகத்தான் கேட்டது.

வெள்ளிக்கிழமை அவள் என்னோடு வரவில்லை. எங்கள் தெரு வழியாக வரும் முதல் பள்ளி வேனில் ஏறிப் போய்விட்டாள் என்றார் அவர். பை ரொம்பக் கனமாம், தூக்கித் தரட்டுமா என்று கேட்டதற்கு முறைத்தாளாம். எட்டரைக்கு நான் வராந்தாப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பதினொன்று. இன்னொரு முறை எண்ணினேன். பதினொன்றுதான். வராதது, செவ்வாய்க்கிழமை எடுத்த அந்தத் தடித்த புத்தகம்.

தலைமையாசிரியை பட்டியலும் பேனாவுமாக உள்ளே வந்து என் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். நான் அலமாரி அலமாரியாக எண்ணி எழுதிவைத்திருந்ததைப் பட்டியலோடு சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கடைசித் தாளில் பேனா நின்றது.

"ஒண்ணு குறையுதே?"

பதில் தேடி ஜன்னல் பக்கம் திரும்பினேன். மைதானத்துக்கு இறங்கும் படிக்கட்டில், முதுகை எனக்குப் பாதி காட்டியபடி, சீருடையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் தடித்த புத்தகம். இடப்பக்கம் கனத்துக் கிடந்தது, வலப்பக்கம் ஏழெட்டுத் தாள்தான் இருக்கும். ஒரு அண்ணனும் தங்கையும் கப்பலில் ஒளிந்துகொண்டு போகிற கதை அது. கடைசித் துறைமுகத்தில் அண்ணன் மட்டும் இறங்கிக்கொள்வான்.

"குறையலை மேடம்" என்றேன். "வந்துக்கிட்டே இருக்கு. பத்து நிமிஷம் குடுங்க."

"யார்கிட்ட இருக்கு?"

"படிக்கிற பிள்ளைகிட்டதான்."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

காலை மணி அடித்தது. மைதானத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் அவளை இடித்துக்கொண்டு படியேறி ஓடினார்கள். அவள் நகரவில்லை. யாரோ ஒருவனின் பை தோளில் பட்டது, அதற்கும் நிமிரவில்லை. கையை முட்டியில் ஊன்றி இன்னும் குனிந்தாள். பிறகு சட்டைக் கையால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.