கட்டுப் பிரித்த கால்

இல்லை, தூங்கட்டும், எழுப்பக் கூடாது, எழுப்பினால் நிற்கச் சொல்லத் தோன்றும், நிற்கச் சொன்னால் அந்த இடது காலைச் சூடு பட்டதுபோல் வெடுக்கென்று தூக்கிக்கொள்வாள், அதை இன்னொரு தடவை பார்க்கிற தெம்பு தனக்கு இல்லை... தையல் மிஷினின் சக்கரத்தின்மேல் ஒரு கையை வைத்தபடி, பாயில் கிடந்த மகள் சுண்டுவையே பார்த்துக்கொண்டிருந்தான் தையற்காரன். நேற்றுத்தான் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் இத்தனை வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கட்டுக்குள்ளிருந்து வெளியே வந்ததோ சுண்டுவின் காலாகவே தெரியவில்லை, யாரோ நெடுநாள் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர் கால் மாதிரி, தோல் செதில் செதிலாய் உரிந்து, கெண்டைச் சதை வற்றி, பாதம் கொஞ்சம் வெளிப்பக்கமாய்த் திரும்பி... இரண்டு வயது தாண்டின பிள்ளைக்கு இப்படி ஒரு காலா? டாக்டரம்மா அதைத் தட்டிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, நன்றாகக் கூடிவிட்டது என்றாள். "கொஞ்ச நாள் தவழுவா, அப்புறம் கொஞ்ச நாள் நொண்டுவா. அவளா நடப்பா, நீங்க நடக்க வைக்காதீங்க" என்றாள். கொஞ்ச நாள்னா எவ்வளவும்மா என்று கேட்டதற்கு, "அதை அவகிட்டத்தான் கேக்கணும்" என்று சிரித்தாள். சிரிக்கிற விஷயமா இது? அவளுக்கென்ன, அந்த அறைக்குள் தினமும் எத்தனையோ கால் வரும் போகும், அவனுக்கு வீட்டில் இருப்பதே இந்த இரண்டு குட்டிக் கால்தானே.

அதுவும் எப்படி உடைந்தது, விழுந்தா உடைந்தது? விழவே இல்லையே. பூங்காவில் அந்தச் சறுக்குப் பலகை உயரமாய் இருக்கிறதே, பிள்ளை தனியாய் வந்தால் விழுந்துவிடுமே என்று பயந்து மடியில் உட்காரவைத்து, இடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டு சறுக்கினான். பாதி வழியில் அவள் செருப்பு ஓரத்தில் மாட்டியது, கால் அங்கேயே நின்றது, இவன் உடம்பின் கனம் முழுக்க அவளைக் கீழே தள்ளிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். ஒரு முறுக்கு. தனியாய் விட்டிருந்தால் செருப்பு மாட்டின இடத்தில் அவளும் நின்றிருப்பாள், கால் தப்பியிருக்கும், இந்த வயசுப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் நிறைய வருகிறது, அப்பா மடியில் வரும்போது... டாக்டரம்மா ஏசிச் சொல்லவில்லை, ஏதோ மழை வரும் என்று சொல்கிறவள்போலச் சாதாரணமாய்ச் சொன்னாள். முதல்நாள் எக்ஸ்ரேயில் ஒன்றுமே சரியாய்த் தெரியவில்லை, மயிரிழை மாதிரி எலும்பைச் சுற்றி ஒரு சாய்ந்த கோடு. நேற்று எடுத்ததில் அந்த இடம் தடித்து, ஓரமெல்லாம் வெள்ளையாய்ப் புகை படிந்ததுபோல் இருந்தது. புது எலும்பாம். இவன் கண்ணுக்கு அது ஒட்டுப்போட்ட இடம்போலத்தான் இருந்தது. கிழிசலை எவ்வளவு நைசாய் இழை ஓட்டித் தைத்தாலும் விரலை வைத்தால் அந்த இடம் தட்டும், துவைக்கத் துவைக்க அங்கே மட்டும் சுருங்கும்... "அது துணி சார், இது பிள்ளை. வளர வளர உடம்பே அதைச் செதுக்கிச் சமமாக்கிடும்" என்றாள் டாக்டரம்மா, அவன் அதைச் சொன்னதும். அப்படியா, எலும்புக்கு அவ்வளவு புத்தி உண்டா?

சுருங்கினால்? அங்கேதான் மனசு போய்ப் போய் முட்டியது. அவன் பார்க்காத காலா? பேன்ட் தைக்கிறவனுக்கு ஊரில் எல்லோருடைய காலும் அத்துப்படி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வருவார், வரும்போதே வாசலில் அவர் நடையின் சத்தம் கேட்கும், ஒன்று அழுத்தமாய், ஒன்று இழுத்து. "இடது பக்கம் அரை இஞ்ச் கம்மி தம்பி, மறந்து தொலைச்சிடாதே, போன தடவை தெருவையே பெருக்கிட்டுப் போச்சு உன் பேன்ட்டு" என்பார். இவனும் சிரிப்பான். சின்ன வயசில் உடைஞ்சதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்டால் என்ன... வேண்டாம், ஆமாம் என்று சொல்லிவிட்டால்? பள்ளிக்கூடம், ஓட்டப்பந்தயம், பின்னால் வருகிற பிள்ளைகள் வைக்கிற பட்டப்பெயர், வருஷா வருஷம் ஒரு பக்கம் மடித்துத் தைத்த பாவாடை... கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப் எப்போது கைக்கு வந்தது என்றே தெரியவில்லை. பாயருகே மண்டிபோட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இடுப்பில் நுனியை வைத்து, பக்கவாட்டில் இறக்கிக் கணுக்கால் எலும்புவரை கொண்டுவந்தான். முதலில் நல்ல கால். பிறகு இடது கால். குறைகிறது. கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தான், குறையத்தான் செய்கிறது, அரை இஞ்ச் நன்றாய் வரும், தபால்காரர் கால் அச்சாய் அப்படியே.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரொட்டிக்கடையில் வேலையாய் இருந்த மனைவிக்குப் போன் போட்டான். அவள் அடுப்புச் சத்தத்துக்கு நடுவே கத்தினாள், என்னங்க, பிள்ளைக்கு என்ன? "ஒண்ணுமில்ல, கால் குட்டையாயிருக்கு. அளந்துட்டேன்." அடுப்பைத் தணித்துவிட்டு அவள் கேட்டாள், "எங்கேயிருந்து அளந்தீங்க?" "இடுப்புலேர்ந்துதான், வேற எங்கேயிருந்து?" "அவ எப்படிப் படுத்திருக்கா?" திரும்பிப் பார்த்தான். ஒருக்களித்துச் சுருண்டு, இடுப்பு ஒரு பக்கம் தூக்கி, ஒரு முட்டி மடங்கி... "நல்லா இருக்கு! கடைக்கு வர்றவங்களை நேரா நில்லுங்க, மூச்சை இழுக்காதீங்கன்னு அந்த அதட்டு அதட்டுறீங்க, பெத்த பிள்ளையைச் சுருட்டி வெச்சு அளக்கிறீங்களா? இப்படித்தான் எங்கண்ணன் கல்யாணப் பேன்ட்டையும் அளந்தீங்களா, பாவம் மனுஷன் உக்காரவே இல்லையே அன்னிக்கு!" அவளுக்கு எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ. போனை வைக்கப்போகிற நேரத்தில் சொன்னாள், "காலையில நீங்க குளிக்கப் போனப்போ என் துணியைப் பிடிச்சுட்டு நின்னாளே, சொன்னேனா? நான் செருப்பைத் தேடிட்டிருந்தேன், சரியாப் பாக்கல." நின்றாளா? எந்தக் காலில்? பார்க்கவில்லையாம்! எப்படி ஒருத்தி பார்க்காமல் இருப்பாள்... தன்னைத் தேற்றச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நல்ல காலையே மறுபடி அளந்தான், முதலில் வந்த அளவு வரவில்லை. இன்னொரு தடவை. அதற்கு வேறொரு அளவு. டேப் சரியாய்த்தான் இருக்கிறது, விரல்தான் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் போய் நிற்கிறது. இந்தக் கையோடு யாராவது கடைப்பையன் அளவெடுத்தால் அன்றே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்.

சுண்டு கண் விழித்தாள். எழுந்ததும் அழாமல், ஜன்னலடியில் கிடந்த வெட்டுத்துணிக் குவியலைப் பார்த்துத் தவழ்ந்தாள், காலை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், என்னவோ பிறந்ததிலிருந்து அப்படித்தான் போகிறவள் மாதிரி. அவனால் பொறுக்க முடியவில்லை. நடக்க வைக்காதீங்க... நடக்க வைக்கவில்லையே, சும்மா நிற்கத்தானே, ஒரே ஒரு தடவை, கால் ஊன்றுகிறதா என்று தெரிந்தால் போதும். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான். எதிரே குந்திக்கொண்டு அந்தப் பாதத்தையே பார்த்தான். பெருவிரல் தரையைத் தொட்டது, குதிகால் இறங்கப் பார்த்தது, அவன் மூச்சு நின்றது, வெடுக்கென்று கால் மேலே போய்விட்டது. "வலிக்குதாடா தங்கம்?" இன்னொரு தடவை. அதேதான். இந்தத் தடவை அவன் நிமிர்ந்தான், நிமிர்ந்ததும்தான் கவனித்தான், அவள் காலைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள், புருவத்திலிருந்து வாய்வரைக்கும், அவ்வளவு கூர்மையாய், தெருவைக் கடக்கும்முன் வண்டி வருகிறதா என்று பார்க்கிறவர்கள்போல. ஒரு சின்னக் கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். "அப்பா, வலிக்குதா?" என்று கேட்டாள்.

எனக்கா? எனக்கு என்ன... அவளை மெதுவாய்க் கீழே உட்காரவைத்துவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்தான், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டான். அப்படியானால் இவ்வளவு நேரமும் அவள் படித்துக்கொண்டிருந்தது இந்த முகத்தையா, இதில் என்ன எழுதியிருந்தது, இந்தப் பயத்தைப் பார்த்துத்தான் காலைத் தூக்கிக்கொண்டாளா, நேற்றிலிருந்து எத்தனை தடவை அந்தப் பாதத்துக்கு எதிரே இதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான்... சிரித்த முகமாய் வைத்துக்கொள்ளலாமா? அது இன்னும் பயங்கரமாய் இருக்கும், அவளா ஏமாறுவாள். யாருடையதோ அரைகுறைப் பேன்ட் ஒன்று கைக்குக் கிடைத்தது, ஊசிக்கடியில் கொடுத்து மிதிக்கத் தொடங்கினான், தைக்கிறோமா, சும்மா ஓட்டுகிறோமா என்றுகூடப் பார்க்கவில்லை. பின்னால் துணி சரசரத்தது. பிறகு ஒன்றுமில்லை. பிறகு ஒரு சத்தம், தவழ்கிற சத்தம் இல்லை இது, தரையில் ஏதோ ஒட்டி எடுபடுகிற மாதிரி... ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறாளா? கம்பி முடிந்தால் இந்த மிஷின் மேஜைவரை பிடிக்க ஒன்றுமில்லையே, விழுந்தால், அதே இடத்தில், அதே கால்... திரும்பினால் ஓடிப்போய்ப் பிடித்துவிடலாம். கழுத்து நரம்பெல்லாம் திரும்பு திரும்பு என்று இழுத்தது. மிதித்தான். ஒரு சத்தம், ஒரு இடைவெளி, இன்னொரு சத்தம், இரண்டும் ஒன்றுபோல இல்லை, இரண்டாவது மெல்லியதாய், தயங்கி... நொண்டல் என்றால் இப்படித்தான் இருக்குமா, நொண்டுவாள் என்றுதானே டாக்டரம்மா சொன்னாள், கொஞ்ச நாள், கொஞ்ச நாள்தானே... நெற்றியிலிருந்து வியர்வை துணியில் சொட்டியது. முழங்கைக்கு மேலே சட்டையை ஒரு கை பற்றியது. தவழ்ந்து வந்த கை அவ்வளவு உயரத்துக்கு எட்டாது. நிற்கிறாள். எந்தக் காலில் நிற்கிறாள், பாரம் எதில் இருக்கிறது, பாதம் நேராய்ப் பதிந்திருக்கிறதா, குனிந்தால் தெரிந்துவிடும், ஒரே ஒரு தடவை குனிந்தால்... குனியவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு மிதித்தான், இப்படி எவ்வளவு காலம் இவளைப் பார்க்காமல் இருக்கமுடியும் என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.